உப்புவெளியில் வாடகைப் படகும் ஒரு நாள் தூண்டிலும்

சென்ற ஆவணியில் நண்பர் ஒருவருடன் உப்புவெளிக் கரையிலிருந்து வாடகைப் படகில் மீன்பிடிக்கச் சென்றேன். வாடைக் காலத்தில் கொந்தளிக்கும் திருகோணமலைக் கடல், மே முதல் செப்டெம்பர் வரை பெரும்பாலும் அடங்கியிருப்பதால், இப்பயணத்துக்கு அந்த மாதங்களே உகந்தவை.

சேவையின் உண்மையான பலம் படகோட்டி ஐயாதான். கருவி எதையும் பாராமல், கோணேசர் கோயில் நிற்கும் மலைமுனையையும் கரையிலுள்ள ஒரு கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து, கடலடிப் பார் (பாறைத்திட்டு) இருக்கும் இடத்தை அவர் கண்டுபிடித்ததை வியப்போடு பார்த்தேன். கணவாய்த் துண்டைத் தூண்டிலில் கோக்கும் விதத்தையும் பொறுமையாகக் கற்றுத் தந்தார். நண்பரின் சுட்டுவிரலைத் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) அறுத்தபோது, சாரத்தின் ஓரத்தைக் கிழித்து, "தம்பி, இனி விரலில சுத்தாதேங்கோ" என்று சொல்லிக் கட்டிவிட்டார். நான்கு விளைமீனும் ஒரு பாரையும் கிடைத்தன, அறுக்குளா அகப்படவில்லை.

2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாமலைத் தீவுப் பக்கம் போகலாமா என்று கேட்டதற்கு, அங்கே தூண்டில் போடக்கூடாது என்று உறுதியாக மறுத்தார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால், எனக்குத் தந்த உயிர்காப்பு அங்கியின் கொளுக்கி உடைந்திருந்தது. கயிற்றால் கட்டிக்கொண்டே போனேன். இதை உரிமையாளர் உடனே திருத்த வேண்டும். படகில் நிழலும் இல்லை என்பதால், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் கொண்டு செல்லுங்கள்.