வாகனத்துக்குத் துவக்குப் பெட்டி வாங்கப் போகிறவர்கள் காசு கட்டும் முன் இதை வாசியுங்கள்

வாகனத்தில் துவக்கை (துப்பாக்கியை) வைத்துப் பூட்டும் இரும்புப் பெட்டிக்கு 68,500 ரூபாயைக் கட்டி ஏமாந்து இன்றோடு பத்தொன்பது நாட்களாகின்றன. கோபம் ஆறும்வரை நான் காத்திருக்கவில்லை. பயிரைக் காக்க அனுமதிப்பத்திரத்துடன் துவக்கு வைத்திருக்கும் நம் மலையக விவசாயி ஒருவர், இதே பெட்டிக்கு இன்றைக்கே வங்கியில் காசு வைப்புச் செய்துகொண்டிருக்கக் கூடும்.

என் வீடு நுவரெலியாவில். மரக்கறிக் காணி வெலிமடைப் பக்கம், காட்டோரத்தில். உருளைக்கிழங்கு முற்றும் காலத்தில் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் பாத்தி பாத்தியாகக் கிளறிவிட்டுப் போவதை அந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அப்பா காலத்து 12 போர் (குழல் வாயின் அளவு) இரட்டைக்குழல் துவக்கு இப்போது என் பெயரில் இருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் அனுமதிப்பத்திரத்தைத் தவறாமல் புதுப்பித்து வருகிறேன். காணிக்குக் கொண்டுபோகும்போது அதைச் சாக்கில் சுற்றி டபள் கெப்பின் பின் ஆசனத்தில்தான் வைப்பேன். உரக்கடையில் பத்து நிமிடம் நின்றாலும் மனம் வாகனத்திலேயே கிடக்கும். கண்ணாடியை உடைக்க ஒரு கல் போதும். களவு போன துவக்கு யார் கைக்குப் போய் யார் உயிரை எடுக்குமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

அதனால்தான், பழைய பொருட்களும் புதிய பொருட்களும் விளம்பரமாகும் ஓர் இணைய விற்பனைத் தளத்தில் அந்தப் பெட்டியைக் கண்டதும் உடனே அழைத்தேன். 14 கேஜ் (தகட்டின் தடிப்பைக் குறிக்கும் எண்) இரும்புத் தகடு, உள்ளே ரெஜிபோம் மெத்தை, மூன்று இடங்களில் விழும் பூட்டு என்று எழுதியிருந்தார்கள். நீல நிறச் சுவருக்கு முன்னால் ஒருவர் சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தும் பெட்டி நசுங்காத காணொளியும் இருந்தது. ஆனால் என்னை விழுத்தியது காணொளி அல்ல, விற்றவர் கேட்ட ஒரு கேள்வி. "அண்ணே, குழலைக் கழற்றி வைப்பீங்களா, முழுசா வைப்பீங்களா?" என்று கேட்டார். இரட்டைக்குழல் துவக்கைக் குழல், முன்கட்டை, பின்கட்டை என மூன்றாகப் பிரிக்கலாம் என்பதும், அப்படிப் பிரித்தால் 30 அங்குலக் குழலுக்கு 34 அங்குலப் பெட்டியே போதும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தன் மாமாவிடமும் ஒரு துவக்கு இருப்பதாகவும், தானும் தோட்டத்தில் பிறந்தவன்தான் என்றும் சொன்னார். விஷயம் தெரிந்தவர், நம்மவர் என்று நம்பினேன். முதலில் 40,000, அனுப்புவதற்கு முன் 28,500 என்று கேட்டார். மறுபேச்சில்லாமல் 68,500 ரூபாயையும் கட்டினேன்.

எட்டாம் நாள் கொரியரில் பெட்டி வந்தது. மறுநாளே அதை ஆசனக் காலோடு சங்கிலியால் கட்டி, துவக்கை உள்ளே பூட்டிவிட்டு, வெலிமடைச் சந்தையில் ஒன்றரை மணி நேரம் நிம்மதியாகத் திரிந்தேன். அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. ஏனென்றால், அடுத்த நாள் தரையோடு போல்ட் போட்டு இறுக்குவதற்காகக் கராஜுக்குக் கொண்டுபோனபோது, அங்கே வேலை செய்யும் தம்பி ஓர் ஆணியையும் சுத்தியலையும் எடுத்து, வெளியே தெரியும்படி இருந்த கீல் ஊசிகளைத் தட்டிக் கழற்றி, பூட்டைத் தொடாமலேயே மூடியைத் தூக்கிக் காட்டினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தகட்டை அளந்தால் 0.9 மில்லிமீற்றர், அது 20 கேஜ். 14 கேஜ் என்றால் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். வீட்டில் கிழங்கு நிறுக்கும் தராசில் வைத்தேன்; ஐந்தரைக் கிலோ. சொன்ன தகட்டில் செய்திருந்தால் அதைப் போல இரண்டு மடங்கு பாரம் இருந்திருக்கும்.

அன்று மாலையே அழைத்தேன். முதலில் "கொரியர்ல பெட்டி மாறியிருக்கும் அண்ணே" என்றார். இரண்டு நாள் கழித்து, திருப்பி அனுப்பும் செலவு என்னுடையது, காசு திரும்பாது, வேறு பெட்டி மட்டும் தருவோம் என்றார். மூன்றாம் முறை முதலாளி வெளிநாட்டில் என்றார். நான்காம் முறை, கீலை உடைத்தது நான்தானே, அதற்கு அவர்கள் பொறுப்பில்லை என்று குரலை உயர்த்தினார். அதன் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். விற்பனைத் தளமோ, தாங்கள் விளம்பரத்துக்கு இடம் கொடுப்பவர்கள் மட்டுமே என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டது. ஒரு பருவத்து விதைக்கிழங்குக்கென்று ஒதுக்கி வைத்திருந்த 68,500 ரூபாய் அது.

வாகனத்தில் துவக்கை எப்படி வைக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடிந்ததை மட்டும் சொல்கிறேன். தகட்டை அளந்து பார்க்காமல், நிறுக்காமல் முழுக் காசையும் கட்டாதீர்கள். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெல்லியது. கீல் வெளியே தெரியக் கூடாது. பெட்டியைத் தரையோடு இறுக்கும் போல்ட் உள்ளிருந்து இறங்க வேண்டும், வெளியிலிருந்து ஸ்பேனர் போட இடமிருக்கக் கூடாது. தோட்டாவை நீக்கிவிட்டே துவக்கை வாகனத்தில் ஏற்றுங்கள், தோட்டாக்களை வேறாகப் பூட்டுங்கள். நம் பக்கத்துப் பனிக்கு நனைந்த மெத்தைக்குள் குழல் துருப்பிடிக்கும். எவ்வளவு நல்ல பெட்டியானாலும் இரவில் துவக்கை வாகனத்தில் விடாதீர்கள். ஏமாந்தவர்கள் வைப்புச் சீட்டையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காமல், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற எண்ணுக்கு அழையுங்கள்; எழுத்து மூல முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் கொடுத்துவிட்டேன், பொலிஸிலும் பதிந்துவிட்டேன்.

நேற்றிரவு அதே தளத்தில் வேறொரு தொலைபேசி எண்ணுடன் அதே காணொளி மீண்டும் வந்திருக்கிறது. அதே நீலச் சுவர், அதே சுத்தியல். விலை 72,000 ரூபாய்.