மாண்டிசோரி அலமாரியா, அட்டை ஏணியா?

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத்தில் இருபது முப்பது பிள்ளைகளோடு சிறிய பள்ளி தொடங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே முட்டி நிற்கும் கேள்வி இது. புத்தகத்தை மட்டும் நம்பி நடத்தப்போவதில்லை என்பது முடிவாகிவிட்டது. அடுத்து என்ன? மாண்டிசோரி முறையின் மரச் சாமான்களை வாங்கி அலமாரியில் அடுக்குவதா, செயல்வழிக் கற்றல் பாணியில் அட்டையும் ஏணிப்படமும் வைத்து நடத்துவதா?

அடிக்கொள்கை இரண்டுக்கும் ஒன்றுதான். பிள்ளை தன் கையால், தன் வேகத்தில் கற்க வேண்டும். ஆசிரியர் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். அதனால் எது உயர்ந்த தத்துவம் என்ற வாதத்தில் நேரம் போக்க வேண்டியதில்லை. மாண்டிசோரி வெளிநாட்டுச் சரக்கு என்ற பேச்சும் பாதிதான் சரி. 1907இல் ரோமில் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, 1939இல் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் 1942 முதல் 1944 வரை அவர் இருந்தது நம் கொடைக்கானலில். செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவியது. அதன் வேர் ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி.

3 முதல் 6 வயதுக்கு நாங்கள் எடுத்தது மாண்டிசோரி. காரணம் பராமரிப்பு. கேட்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் பராமரிப்பு என்றாலே அட்டைதான் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். தொலைந்த அட்டையை ஜெராக்ஸ் கடையில் ஐந்து நிமிடத்தில் திரும்பப் போட்டு லேமினேட் செய்துவிடலாம். மரக்கட்டைக்கு ஆசாரியைத் தேட வேண்டும். அது உண்மைதான். ஆனால் தொலைந்தது தெரிந்தால்தானே திரும்பப் போட முடியும்?

மாண்டிசோரி சாமான்களில் இளஞ்சிவப்புக் கோபுரம் என்று ஒன்று; பெரியதன் மேல் சிறியதாக அடுக்கும் 10 கனச்சதுரக் கட்டைகள். பெரியதற்குப் பக்கம் 10 செ.மீ.; அங்கிருந்து ஒவ்வொரு செ.மீ.யாகக் குறைந்து, கடைசிக் கட்டை 1 செ.மீ. இதில் 7 செ.மீ. கட்டை இல்லை என்று வையுங்கள். 8-க்கு மேல் 6 உட்காரும் இடத்தில் படி திடீரென்று அகலமாகும். கட்டைகளை ஒரு மூலை ஒட்டி அடுக்கினால், 1 செ.மீ. கட்டை ஒவ்வொரு படியிலும் கச்சிதமாக உட்காரும். அந்த ஒரு படியில் மட்டும் இடம் மிஞ்சும். நாலு வயதுப் பிள்ளையே ‘இங்க ஒண்ணு காணோம்’ என்று வந்து நிற்கும். உருளைகளை அதனதன் குழியில் செருகும் உருளைக் கட்டையிலும் அப்படித்தான். பத்துக் குழியில் ஒன்று வாய் பிளந்து கிடந்தால் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்று மாலையே தேடிவிடலாம். அதிகம் தொலைவது அந்த 1 செ.மீ. கட்டைதான், சட்டைப்பையில் வீட்டுக்குப் போய்விடும். கையிருப்பில் இரண்டு வைத்துக்கொள்வது நல்லது.

அட்டை ஏணியில் நடப்பது வேறு. பாடம் மைல்கற்களாகப் பிரிந்து ஏணிப்படமாகச் சுவரில் தொங்கும். படிக்கு ஒரு சின்னம், ஒரு எண். பிள்ளை தன் படியைப் பார்த்து, அதே சின்னம் ஒட்டிய தட்டிலிருந்து அட்டையை எடுத்து, அந்தச் சின்னத்துக்குரிய குழுவில் போய் உட்காரும். பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் அட்டைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். 14ஆம் எண் அட்டை இல்லை என்பது, 13-ஐ முடித்த பிள்ளை தட்டைத் துழாவும்போதுதான் தெரியவரும். அப்போதும் கூச்சமுள்ள பிள்ளை சொல்லாது. 15-ஐ எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் பக்கத்துப் பிள்ளையின் அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஓட்டை வெளிவருவது மதிப்பீட்டு அட்டையில். அதற்குள் மூன்று வாரம் ஓடிவிடும். ‘இவனுக்கு ஏறல’ என்ற பழி பிள்ளையின் மேல் விழுந்திருக்கும். தொலைந்தது அட்டை, குறை சொல்லப்பட்டது பிள்ளை. எங்களை மாண்டிசோரி பக்கம் தள்ளியது இதுதான்.

ஜூன் மாத நெரிசல் இன்னொன்று. எல்லாரும் முதல் படியில் நிற்பார்கள், அட்டையோ ஒரே தொகுப்பு. முதல் இரண்டு மைல்கல்லுக்கு மட்டும் ஆறேழு நகல்கள் கூடுதலாக எடுத்து வைக்காவிட்டால் முதல் வாரமே சந்தைதான்.

மரச் சாமானுக்கும் நோய் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும். உருளைகள் குழிக்குள் சிக்கிக்கொள்ளும். உடனே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. சித்திரை வெயிலில் மரம் சுருங்கும்போது உருளை லொடலொடவென்று ஆடும். பிறகு எந்த உருளையும் பக்கத்துக் குழியில் போய் உட்காரும். தவறைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும் தன்மை அங்கேயே போய்விடும். மழைக்காலத்தில் உருளையின் பக்கங்களில் வெறும் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வைக்க வேண்டும்.

பிள்ளை விரலால் தடவிப் பழகும் உப்புத்தாள் எழுத்து அட்டைகளைத் தமிழுக்கு நாமேதான் செய்துகொள்ள வேண்டும். 247 அட்டை தேவையில்லை. உயிர் 12, அகரமேறிய மெய் 18, ஆய்தம் ஒன்று. அதோடு கால், கொம்பு, சுழி போன்ற குறிகளைத் தனிப்பட்டைகளாக வெட்டி எழுத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சேர்க்கலாம். உகரமும் ஊகாரமும் மட்டும் இதற்கு அடங்காது. கு, சு, டு, ணு என்று எழுத்துக்கு எழுத்து உரு மாறுவதால் அந்த 36-ஐயும் முழுசாகவே செய்ய வேண்டும். 120 எண் உப்புத்தாள் போதும். 60 போட்டால் பிஞ்சு விரல் நோகும். தாளின் பின்பக்கத்தில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி வரைந்து வெட்ட வேண்டும். நேராக வரைந்து வெட்டிவிட்டு, திருப்பிப் பார்த்துத் தலையில் கைவைப்பது முதல் முறை செய்கிறவர்கள் எல்லோருக்கும் நடக்கும். ஃபெவிகால் தடவிய அட்டைகளை ஓர் இரவு முழுக்கக் கனமான பலகைக்கு அடியில் வைக்காவிட்டால் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

கற்பிக்கும்போது ஒரே சமயத்தில் இரண்டு மூன்று எழுத்து. வடிவம் எளிய ட, ப, ம-வில் தொடங்கலாம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்துத் தடவியபடி, ‘இது ப’. அடுத்து, ‘ப எங்க இருக்கு, காட்டு’. கடைசியில்தான் ‘இது என்ன?’ இரண்டாவது கட்டத்தில் பிள்ளை தடுமாறினால் மூன்றாவதற்குப் போகவே கூடாது. அட்டையை எடுத்து வைத்துவிட்டு மறுநாள் பார்க்கலாம். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் எடுப்பது பெருந்தவறு.

ஒன்றாம் வகுப்பிலிருந்து எங்கள் சாய்வு மாறுகிறது. 6 வயதுக்கு மேல் மாண்டிசோரியில் எங்களுக்குக் கைப்பழக்கம் குறைவு. அதற்குத் தனிப் பயிற்சியும் தனிச் சாமான்களும் வேண்டும். அட்டை ஏணியின் பலம் தெரிவதும் இந்த வயதில்தான். செங்கல் சூளை வேலைக்குப் போகும் பெற்றோரோடு இரண்டு மாதம் வெளியூர் போய்வந்த பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடரலாம்; யாரும் அதை விட்டுவிட்டு முன்னால் போனதாக ஆகாது. நடுவில் அரசுப் பள்ளிக்கு மாறினாலும் திண்டாட்டமில்லை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துவதால், தன் நிலையிலிருந்து படிக்கும் பழக்கம் பிள்ளைக்குக் கைகொடுக்கும்.

அட்டை வழியை எடுப்பவர்கள் ஒரு வேலை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சின்னத்துக்கும் உரிய அட்டைகளை எண் வரிசைப்படி அடுக்கி, இறுக்கிப் பிடித்து, பக்கவாட்டு விளிம்பில் மூலைக்கு மூலை பெர்மனன்ட் மார்க்கரால் ஒரு சாய்கோடு போடுங்கள். அட்டை தடிமனாக இருப்பது முக்கியம். மெல்லிய தாளில் இது பலிக்காது. சின்னத்துக்கு ஒரு நிறம் வைத்தால், கலந்துபோன அட்டையும் அகப்படும். வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளையே அடுக்கச் சொல்லுங்கள். ஓர் அட்டை இல்லாவிட்டாலும் கோடு அந்த இடத்தில் அறுந்து நிற்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே விரல் வைத்துக் காட்டிவிடும்.