மேல் ஓரம்: வளைவு ஜன்னல்களில் ஒட்டிய வினைல் படங்களுடன் ஒரு நீண்டகால அனுபவம்

மாடிப்படிக் கூடத்தின் உயரமான ஜன்னல்களில் ஒட்டியிருக்கும் ஒன்வே விஷன் படங்களின் மேல் ஓரம் மீண்டும் பிரிந்து, அதற்காகச் சாரம் கட்டிச் சரிசெய்து முடித்த நேரத்தில், தம் கட்டடத்திலும் இவ்வாறு ஒட்டலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நுண்துளைகள் நிறைந்த வினைலில் வெளிப்பக்கம் படமும் உட்பக்கம் கறுப்பும் இருக்கும், துளைகள் வழியே உள்ளிருந்து வெளியே பார்க்கலாம் என்பதை அவர் அறிவார். ஆகவே, பயன்படுத்திப் பார்த்தால் மட்டுமே தெரியவரும் செய்திகளை இங்கே எழுதுகிறேன்.

படத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அச்சின் மேல், துளைகளையும் மூடும் தெளிவான பாதுகாப்புப் படலமான லேமினேஷன் போட்டிருந்ததால், நாள் முழுவதும் வெயில் படும் பக்கத்திலும் நிறம் பெரிதாக மங்கவில்லை. படிகளில் இறங்கும்போது வெளியே இருக்கும் மரங்கள் தெளிவாகத் தெரிகின்றன. கண் கூசுவதும் குறைந்துவிட்டது. ஜன்னலின் அகலம் 1.37 மீட்டர் ரோலை விடக் கூடுதல் என்பதால் நடுவே ஓர் இணைப்பு தேவைப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் துளைகள் பொருந்தாமல் உள்ளிருந்து கறுப்புக் கோடாகத் தெரியும் என்பதால், ஒட்டியவர் ஜன்னலின் நடுச்சட்டத்தை ஒட்டியே இரு துண்டுகளையும் பிரித்து அமைத்தார். அந்த யோசனைக்காக அவரை இன்றும் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் வளைவின் உச்சியில் அவர் செய்து வைத்த வேலை எனக்கு இன்றும் கோபமூட்டுகிறது. அந்த இடத்தில் உள்ளே காலூன்றத் தளமில்லை, படிக்கட்டின் வெற்றிடம்தான் உண்டு. வெளியே செங்குத்தான சுவர். ஏணியின் மேற்படியில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கியபடி, வளைந்த சட்டத்தின் ஓரமாகவே பிளேடை ஓட்டி அறுத்திருக்கிறார். அதனால் படம் கண்ணாடியோடு நிற்காமல் சட்டத்தோரச் சிலிக்கான் மீதும் ஏறிவிட்டது. சிலிக்கானில் இந்தப் பசை பிடிக்காது. அதோடு, எட்டாத அந்த வளைவை நிரப்பப் படத்தைச் சற்று இழுத்தும் ஒட்டியிருக்கிறார். இழுத்து ஒட்டிய வினைல் வெயிலில் சூடேறும்போது தன் பழைய அளவுக்குத் திரும்பவே முயலும். சில மாதங்களில் உச்சி ஓரம் சுருண்டு எழுந்தது.

மழை வந்ததும் அடுத்த சிக்கல் தொடங்கியது. லேமினேஷனையும் படத்தையும் ஒரே அளவில் அறுத்திருந்ததால், ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்ட துளைகள் அனைத்தும் திறந்தே கிடந்தன. தண்ணீர் அவற்றின் வழியாகத் துளைக்குத் துளை பரவி, அதனுடன் தூசியும் சேர்ந்து, உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் சாம்பல் நிறப் பட்டையாக இறங்கியது. துளையில் தண்ணீர் நின்றால் உள்ளிருந்து பார்க்கும் பார்வை கலங்கிவிடும். காய்ந்த பின்னும் தூசி அங்கேயே தங்கும். கைக்கெட்டும் ஜன்னலாக இருந்தால் ஒரு துணியால் முடியும் வேலை இது. இங்கோ ஒவ்வொரு முறையும் சாரம் வேண்டும்.

இம்முறை பழுதுபார்க்க வந்தவர் வேலை செய்த விதத்தைப் பார்த்தபோதுதான், தொடக்கத்திலேயே எப்படிச் செய்திருக்கலாம் என்பது புலப்பட்டது. அவர் அளவுநாடாவை நம்பவில்லை. கண்ணாடியின் மீது காகிதத்தை ஒட்டி, சட்டத்தின் விளிம்பை பென்சிலால் தேய்த்து எடுத்து, அந்தக் காகிதத்தை வைத்தே கீழே மேசையில் படத்தை வெட்டினார். பக்கத்திலுள்ள வட்ட ஜன்னலிலும் இதையே செய்தார். பழைய மரச்சட்டம் என்பதால் அது சரியான வட்டமே அல்ல. முன்பு வரைபடத்தை நம்பி வெட்டிய துண்டில் ஒரு பக்கம் பிறை வடிவில் இடைவெளி விட்டிருந்தது. புதிய துண்டு எல்லாப் பக்கமும் சீராக அமர்ந்தது. சட்டத்தைத் தொடாமல் சிறு இடைவெளி விட்டார். லேமினேஷனை மட்டும் படத்தைத் தாண்டி ஏறத்தாழ ஒரு விரல் அகலம் நீட்டி, கண்ணாடியிலேயே ஒட்டி ஓரத்தை மூடினார். சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டும் முறை துளையுள்ள படத்துக்கு ஒத்துவராது என்பதால், நடுவில் டேப்பால் பிடித்துவைத்து, பின்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, உலர்ந்த நிலையிலேயே ஸ்க்வீஜி எனும் தட்டையான தேய்ப்பானால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தார். காற்று அடங்கியிருந்த காலை வேளையையே அதற்குத் தேர்ந்தெடுத்தார்.

இரட்டைக் கண்ணாடியோ கம்பிவலை பதித்த கண்ணாடியோ இருந்தால், படம் ஒட்டுவதற்கு முன் கண்ணாடி வேலை தெரிந்தவரைக் கேட்பது கட்டாயம். கறுப்புப் பின்புறம் வெப்பத்தை இழுக்கும். நடுப்பகுதி சூடாகி, சட்டத்துக்குள் இருக்கும் ஓரம் குளிர்ந்தே நிற்கும்போது கண்ணாடி விரிசல் விடக்கூடும்.

இவ்வளவு நன்றாகச் சரிசெய்த பிறகும், நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஒட்டுவதற்கு ஒருமுறை ஏறினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். இத்தகைய படத்தின் பசை, குறிப்பிட்ட காலத்துக்குள் உரித்தால்தான் சுத்தமாக வரும். அதைத் தாண்டினால் கண்ணாடியில் தங்கிவிடும், பிறகு அதே உயரத்தில் நின்று மணிக்கணக்கில் சுரண்ட வேண்டியிருக்கும். அந்த வேலை எங்களுக்கு இனிமேல்தான் வரப்போகிறது. தரையில் நின்று கையால் தொடக்கூடிய நேர்கோட்டு ஜன்னல்களுக்கு ஒன்வே விஷனை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். வளைவுக்கும் வட்டத்துக்கும், அதுவும் மாடிப்படிக்கு மேலே என்றால், இப்போதைக்கு என் பதில் வேண்டாம் என்பதே. இந்தப் படங்களின் ஆயுள் முடிந்ததும் உச்சி வளைவுகளை வெறும் கண்ணாடியாகவே விட்டுவிட்டு, கீழ்ப்பகுதிக்கு மட்டும் புதிதாக அச்சிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.