ஐம்பது கிலோ பிஸ்மார்க்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் போர்க்கப்பலான பிஸ்மார்க்கை 1:100 அளவில், தயார்நிலைத் தொகுப்பு எதையும் வாங்காமல் வரைபடத்தை மட்டும் வைத்துக் கட்டி, ஆறு ஆண்டுகளாக ரேடியோ கட்டுப்பாட்டில் ஓட்டி வருகிறேன். கட்டி முடிக்கவே மூன்று ஆண்டுகள் பிடித்தன. அசல் கப்பல் 251 மீட்டர் நீளமும் 36 மீட்டர் அகலமும் உடையது என்பதால் மாதிரியின் நீளம் இரண்டரை மீட்டர். நீளத்தில் மயங்கிய எனக்கு எடைக் கணக்கு பிறகுதான் உறைத்தது. நீளம் நூறில் ஒரு பங்காகும்போது கன அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகிறது. ஆகவே முழுச் சுமையில் 50,000 டன்னைத் தொட்ட அந்தக் கப்பலின் மாதிரி சரியான நீர்க்கோட்டில் மிதக்க, ஏறத்தாழ 50 கிலோ இருந்தே தீர வேண்டும்.

பிளைவுட் சட்டங்களின் மேல் மரப்பட்டிகளை ஒட்டிக் கண்ணாடியிழைத் துணியும் எபாக்சி என்ற பிசினும் போர்த்திய உடல், மோட்டார்கள், மேற்கட்டுமானம் எல்லாம் சேர்ந்து 19 கிலோதான் வந்தது. மீதியை ஈய-அமில பேட்டரிகளாகவும் ஈயக் கட்டிகளாகவும் அடித்தளத்தில் அடுக்குகிறேன். எடை குறைந்த லித்தியம் பேட்டரியை வாங்கிவிட்டு, அதற்கு ஈடாக மேலும் ஈயம் வைப்பதில் எனக்குப் பொருள் தெரியவில்லை. பாரம் முழுவதும் தனித்தனியாகக் கழன்று வருவதால்தான் இருவர் சேர்ந்து கப்பலைக் கரைவரை தூக்க முடிகிறது.

முதலில் மேற்கட்டுமானத்தைப் பிளைவுட்டாலும் பித்தளையாலும் செய்தது என் பெரிய தவறு. தொட்டியில் மிதக்கவிட்டு, தளத்தின் ஓரத்தை விரலால் அழுத்தி விட்டபோது, கப்பல் சோம்பலாக, நிமிர மனமில்லாததுபோல் நிமிர்ந்தது. உச்சியில் பாரம் மிகுந்ததன் அடையாளம் அது. ஐந்து மாத வேலையைக் கழற்றி எறிந்து, ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் மறுபடி செய்தேன். இப்போது சட்டென்று நிமிர்கிறது.

வேகத்தை அளவின் வர்க்கமூலத்தால், அதாவது 100-இன் வர்க்கமூலமான பத்தால், வகுக்க வேண்டும்: 30 நாட் (மணிக்கு 30 கடல்மைல்) என்பது 3 நாட்டாகிறது, அதாவது நொடிக்கு ஒன்றரை மீட்டர். அதற்கு மேல் முடுக்கினால் அணியத்தில் (முன்முனையில்) எழும் அலை விசைப்படகின் அலைபோல் தெரிகிறது. மோட்டாரின் பாதித் திறனே போதும்.

மூன்றாம் ஆண்டில் சுக்கானை இயக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் திருகு நடுக்குளத்தில் கழன்று, சுக்கான்கள் இடப்புறம் திரும்பிய நிலையிலேயே நின்றுவிட்டன. 1941 மே மாதம் விமான டார்பிடோவால் சுக்கான் முடங்கி, அசல் கப்பல் பட்ட பாடும் இதுவே. ஓரத்துச் சுழலிகள் இரண்டுக்கும் தனித்தனி வேகக் கட்டுப்பாடு வைத்திருந்தும் பயனில்லை. சுழலிகளின் தண்டுகள் நெருங்கி அமைந்திருப்பதால் அவற்றைக் கொண்டு மட்டும் திருப்புவது அசலிலும் கடினமாகவே இருந்தது. காற்று கப்பலைக் கோரைப்புல்லில் ஒதுக்கும்வரை ஒரு மணி நேரம் கரையில் நின்றேன். இப்போது கடைசிப் பீரங்கிக் கூட்டைத் தூக்கினாலே சர்வோவைத் தொடலாம். ஒவ்வொரு முறையும் திருகைச் சரிபார்த்த பிறகே நீரில் இறக்குகிறேன்.

தண்டுக் குழாய்களில் கிரீஸ் குறைந்தால் ஒரு மணி நேரத்தில் அரை டம்ளர் நீர் கசிகிறது. இந்த ஆண்டு நடுத்தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்துவிட்டது. அந்தக் குழாயை எபாக்சியில் புதைத்து ஒட்டியவன் நானே என்பதால், அதை மாற்ற உடலின் கடையால் (பின்முனை) பகுதியை அறுக்க வேண்டியிருக்கிறது.