ஸ்பெஷலா, ஜெனரலா? கோணேசபுரியில் நான்காவது வருடத்தின் பெறுமதி

நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துக்குப் பிள்ளை தெரிவானதும், வீட்டில் முதலில் வரும் கேள்வி "எத்தனை வருசம்?" என்பதுதான். மூன்று என்றால் பொதுப் பட்டம், நான்கு என்றால் சிறப்புப் பட்டம். பிள்ளைகள் பேச்சில் ஜெனரல், ஸ்பெஷல். முகாமைத்துவம் போன்ற கற்கைகளில் உள்ளே போகும்போதே நான்கு வருடம் என்று தீர்மானமாகிவிடும். விஞ்ஞானக் கற்கைகளில் அப்படியில்லை. பல பல்கலைக்கழகங்களில் முதல் இரண்டு வருடப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் ஸ்பெஷலுக்கு எடுப்பார்கள். சித்த மருத்துவத்துக்கு இந்தக் கேள்வியே கிடையாது, அதன் பாதை வேறு. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லைதான். ஆனாலும் போர்டிங், சாப்பாடு, பஸ், போட்டோகொப்பி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வருடச் சம்பளம் போகிறது. அதற்கு ஈடாகக் கையில் வருவது என்ன என்பதையே இங்கே பார்க்கிறோம்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 கிரெடிட். சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120 கிரெடிட். வருடத்துக்கு 30 கிரெடிட் என்பது கணக்கு. ஒரு கிரெடிட் என்றால் விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்கான தயாரிப்பு எல்லாம் சேர்த்து 50 மணித்தியால உழைப்பு. ஆக, நான்காவது வருடத்தில் குறைந்தது 1500 மணித்தியாலம் போடவேண்டும். பட்டச் சான்றிதழில் ஒரு சொல் கூடும் என்பதற்காக இவ்வளவு நேரத்தைக் கொடுப்பது நட்டம். அந்த 30 கிரெடிட் திறந்துவிடும் கதவுகளுக்குள் போகிற எண்ணம் இருந்தால் மட்டுமே அது இலாபம்.

அந்தக் கதவுகளில் பெரியது பல்கலைக்கழக வேலை. தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்க, அந்தப் பாடத்திலேயே சிறப்புப் பட்டம் இருக்கவேண்டும். அதில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ எடுத்தவர்களுக்கு வழி நேராகத் திறக்கும். வெறும் பொதுப் பட்டத்தோடு அந்த வரிசையில் நேரடியாகப் போய் நிற்க முடியாது. முதுதத்துவமாணி (எம்.பில்.) ஆய்வுக்குப் பதியும்போதும் இதே கதைதான். சிறப்புப் பட்டக்காரர் நேரே பதிவார், பொதுப் பட்டக்காரர் பெரும்பாலும் இடையில் முதுமாணியோ தகுதிப் பரீட்சையோ முடித்துவிட்டுத்தான் வரவேண்டும். அதாவது, இங்கே மிச்சம் பிடித்த ஒரு வருடம் அங்கே ஒன்றரை வருடமாகத் திரும்பிச் செலவாகலாம். வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் செய்ய நினைப்பவர்களுக்கும் நான்கு வருடப் பட்டம் கையில் இருந்தால் தகைமை பற்றிய கடிதப் போக்குவரத்து பெருமளவு குறையும்.

வித்தியாசமே காட்டாத இடங்களும் உண்டு, அதை மறைத்துப் பேசுவது பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம். பட்டதாரி ஆசிரியர் ஆட்சேர்ப்பில் பாடம் பொருந்துகிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சைக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஒரு பட்டம் போதும். அங்கே வயதெல்லை இருப்பதால் ஒரு வருடம் முந்தி வெளியே வருவது உதவியாகவும் இருக்கும். மென்பொருள் கம்பனிகளில் நேர்முகத்துக்குப் போனால் என்ன செய்து காட்டினாய் என்றுதான் கேட்பார்கள். மூதூரிலோ கிண்ணியாவிலோ குச்சவெளியிலோ வீட்டுக்கு உடனே ஒரு சம்பளம் தேவைப்படுகிற பிள்ளை ஜெனரலோடு வெளியே வந்து வேலையும் பகுதிநேர முதுமாணியுமாகப் போனால், அதைத் தோல்வி என்று யாரும் சொல்லக்கூடாது.

இனி வகுப்புக் கணக்கு. "ஸ்பெஷல் செய்தால் கிளாஸ் வரும்" என்று நம்பி உள்ளே போகிறவர்கள் இதை ஒருமுறை பேனா பிடித்துப் பார்க்கவேண்டும். வழமையான அளவுகோல்: முதல் வகுப்புக்கு ஜீ.பீ.ஏ., அதாவது தரப்புள்ளிச் சராசரி, 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30, கீழ்ப்பிரிவுக்கு 3.00. ஏ என்றால் 4.00, ஏ மைனஸ் 3.70, பி பிளஸ் 3.30, பி 3.00. மூன்று வருட முடிவில் 90 கிரெடிட்டுக்கு ஒருவரின் ஜீ.பீ.ஏ. 3.20 என்று வையுங்கள். அவர் 120 கிரெடிட்டுக்கு 3.30 ஆக வேண்டும் என்றால் மொத்தம் 396 புள்ளி தேவை. கையில் இருப்பது 288. மிச்சம் 108ஐ 30 கிரெடிட்டில் எடுக்கவேண்டும், அதாவது நான்காவது வருடச் சராசரி 3.60. கடினம், ஆனால் முடியும். இதையே 3.00 உள்ளவருக்குப் போட்டால் 4.20 என்று வருகிறது. 4.00க்கு மேல் ஒரு தரமும் கிடையாது, எனவே அவருக்கு மேற்பிரிவு எட்டாது. முதல் வகுப்பைப் பாருங்கள்: மூன்றாம் வருட முடிவில் 3.60 உள்ளவர் நான்காம் வருடத்தில் ஒரு பாடம் விடாமல் எல்லாவற்றிலும் ஏ எடுத்தால்தான் 3.70ஐத் தொடுவார். சில பீடங்கள் சில பாடங்களை ஜீ.பீ.ஏ.க்குச் சேர்ப்பதில்லை. உங்கள் கைநூலில் எது சேர்கிறது என்று பார்த்து அதே முறையில் கணக்குப் போடுங்கள்.

வகுப்பு எங்கே கை நழுவுகிறது என்றால், பெரும்பாலும் முதல் வருடத்திலேயே. ஆங்கில மூல விரிவுரைக்குப் பழகாமல் முதல் இரண்டு அரையாண்டில் ஓரிரு பாடம் விழுந்துவிடும். பிறகு ரிப்பீட் எடுத்தாலும் பொதுவாக அதற்குக் கிடைக்கும் உச்சம் சி, அதாவது 2.00. மூன்று கிரெடிட் பாடத்தில் ஏ எடுக்கக்கூடியவருக்கு அப்படிச் சி வந்தால் மொத்தத்தில் 6 புள்ளி போகிறது. 120ஆல் பிரித்தால் 0.05. பார்க்கச் சின்ன எண். 3.27இல் நின்றுபோனவருக்குத்தான் அதன் வலி தெரியும். பரீட்சை நாளில் உண்மையிலேயே வருத்தம் என்றால் மருத்துவச் சான்றிதழை உரிய நாட்களுக்குள் உரிய முறையில் கொடுங்கள். ஏற்கப்பட்டால் அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணக்கில் வரும். கொடுக்காமல் விட்டால் அது ரிப்பீட்.

நான்காவது வருடத்தின் உண்மையான சரக்கு ஆய்வேடு. மற்றப் பாடங்களை ஏதோ ஒரு விதத்தில் பொதுப் பட்டத்திலும் தொட்டுவிடலாம், இதைத் தொட முடியாது. ஒரு கேள்வியைத் தானே பிடித்து, தரவு சேர்த்து, தவறினால் ஏன் தவறியது என்று எழுதி, முன்னால் நின்று பதில் சொல்கிற பழக்கம் இங்கேதான் வருகிறது. ஆய்வுக்கு ஒரு கிரெடிட் 100 மணித்தியாலம் என்று தகைமைச் சட்டகம் கணக்கிடுகிறது. 6 கிரெடிட் ஆய்வேடு என்றால் 600 மணித்தியாலம். கிழமைக்கு 15 மணித்தியாலம் ஒதுக்கினாலும் 40 கிழமை. கடைசி அரையாண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களின் ஆய்வேடு மெலிந்து வருவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

திருகோணமலையில் ஆய்வு செய்கிறவர்கள் நாட்காட்டியையும் கடலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்கள் பற்றி, புறாமலைக்குப் போகிற படகுக்காரர் பற்றி எழுத எடுத்துக்கொண்டால், சீசன் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. புரபோசல், அதாவது ஆய்வு முன்மொழிவு, பிந்தி, கேள்விக்கொத்தோடு நவம்பரில் இறங்கினால் வாடைக்காற்றும் மழையும் மூடிய கதவுகளும்தான் இருக்கும். கரைவலைக்காரரிடம் பேசவேண்டும் என்றாலும் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் கரையோர மீன்பிடிக் கொட்டிலான வாடியில் ஆள் இருக்காது. கல்வியாண்டு எப்போது தொடங்குகிறது என்று பார்த்து, தரவு சேர்க்கும் மாதத்தை முதலில் குறித்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி புரபோசல் திகதியைப் போடுவதே சரியான வழி.

கேள்விக்கொத்து ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 'மீன் கடையின் விலையும் தரமும் எனக்குத் திருப்தி' என்று ஒரு வரி. எதிரே முற்றாக உடன்படவில்லை முதல் முற்றாக உடன்படுகிறேன் வரை ஐந்து கட்டம். மீன் நல்லது, விலை கூட என்று நினைக்கிற ஆள் எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவார்? நடுக் கட்டத்தில்தான். அந்தப் புள்ளடியால் ஒரு பிரயோசனமும் இல்லை. விலை ஒரு வரி, தரம் ஒரு வரி என்று பிரிக்கவேண்டும். அடுத்தது, 'சேவை தாமதமாகிறது' என்பது போல எதிர்மறையாகக் கேட்ட வரி. தரவை எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருளில் ஏற்றும்போது அதன் எண்களைத் திருப்பிப் போட, அதாவது 1ஐ 5 ஆக, 2ஐ 4 ஆக மாற்ற மறந்தால், கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் குரோன்பாக் அல்பா 0.7க்குக் கீழே விழும், சிலவேளை மறைப் பெறுமானமாகவே வரும். 'பதில் சொன்னவர்கள் கவனமில்லாமல் சொல்லிவிட்டார்கள்' என்று அவர்கள் மேல் பழி போகும். பிழை கணினியில் ஏற்றிய கையில் இருக்கிறது. முதலில் ஒரு 30 பேரிடம் கொடுத்துப் பார்த்தால் இந்த இரண்டு பிழையும் அங்கேயே பிடிபடும்.

இந்த மாவட்டத்தில் தமிழ், சிங்களம் இரண்டிலும் கேள்வி தேவைப்படும். ஆங்கிலத்தில் இருந்து மொழிபெயர்த்ததை இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். முதல் வரியும் திரும்பி வந்த வரியும் ஒத்துப்போகாவிட்டால் இடையில் கருத்து சிதைந்திருக்கிறது. மாதிரி அளவு என்று எல்லாரும் 384ஐ எழுதுகிறார்கள். குடித்தொகை மிகப் பெரிதாக இருக்கும்போது அட்டவணையில் வரும் எண் அது. ஒரு நாளைக்கு 20 பேரிடம் நிரப்பினாலும் 384க்கு 20 நாள் ஓடும். பஸ் பிடித்து மூதூர், தம்பலகாமம் போய் வருவதும் அதற்குள்தான். அறுபது கடைகள் மட்டுமே உள்ள ஒரு சந்தையை ஆய்வு செய்கிறவர் அறுபதையும் கேட்டுவிட்டுப் போகலாமே.

பௌதிகவியல், இலத்திரனியல் பக்கம் போகிறவர்களுக்கு வேறு சிக்கல். சென்சர், போர்ட் எல்லாம் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரக் கிழமைகள் எடுக்கும். முக்கியமான உதிரியில் ஒன்றை எப்போதும் மேலதிகமாக எடுக்கவேண்டும். வெளியில் வைத்து அளக்கிற கருவி என்றால் கடற்கரையின் உப்புக்காற்று இணைப்புக் கம்பிகளில் பச்சை படிய வைக்கும். அளவீடு மெல்ல மெல்ல விலகும்போது அதைக் காலநிலை மாற்றம் என்று எண்ணி எழுதிவிடக்கூடாது. பெட்டியை மூடி, கிழமைக்கு ஒருமுறை தெரிந்த ஓர் அளவோடு ஒப்பிட்டுக் குறித்து வைத்தால் போதும்.

சொல்லப்படாத இன்னொரு நன்மை உண்டு. ஸ்பெஷல் வகுப்பில் பிள்ளைகள் குறைவு, மேற்பார்வையாளர் உங்கள் எழுத்தை வரிவரியாக வாசித்திருப்பார். பின்னாளில் பரிந்துரைக் கடிதம் கேட்டால் 'இவர் என் மாணவர்' என்பதோடு நிற்காமல், தரவு பிழைத்த இடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுத அவரிடம் விசயம் இருக்கும். புலமைப்பரிசில் தேர்வில் அப்படிப்பட்ட கடிதத்துக்குத் தனி மதிப்பு. அதே காரணத்தால், மேற்பார்வையாளரின் கீழ் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தால் அந்த நன்மை பாதியாகும்.

விருப்பப் படிவத்தில் கையெழுத்துப் போட முன் திணைக்களத்தில் போய்க் கேளுங்கள்: தெரிவுக்கு எந்தப் பாடங்களில் எந்த அளவு ஜீ.பீ.ஏ. தேவை, எத்தனை இடம், ஆய்வேடு எத்தனை கிரெடிட், உட்பயிற்சி தனியாக வருகிறதா அல்லது ஆய்வோடு மோதுகிறதா. நான்காவது வருடத்தில் முடியாமல் போனால் 90 கிரெடிட்டோடு பொதுப் பட்டம் எடுத்து வெளியே வர வழி இருக்கிறதா என்பதையும் எழுத்தில் பாருங்கள். கடந்த பட்ச் அண்ணா, அக்காமாரிடம் ஒன்று கேட்டால் போதும்: கடைசிப் பரீட்சை எழுதி எத்தனை மாதத்தில் பெறுபேற்றுத் தாள் கையில் கிடைத்தது? வேலை விண்ணப்பத்துக்கோ வெளிநாட்டு அனுமதிக்கோ முடிவு திகதி இருக்கும். நான்கு வருடம் என்று தாளில் இருப்பது நடைமுறையில் எவ்வளவு என்று அந்தப் பதில் சொல்லும். உங்கள் ஜீ.பீ.ஏ. கணக்கை 3.20க்கு மேலே முடித்திருக்கிறீர்கள், ஆய்வில் மனம் இருக்கிறது, வீட்டில் ஒரு வருடம் தாங்குவார்கள் என்றால் படிவத்தில் ஸ்பெஷலுக்கே புள்ளடி போடுங்கள். போட்ட அன்றே மேற்பார்வையாளராக வரக்கூடியவரைப் போய்ச் சந்தியுங்கள்.