மரத்தடி நிழலுக்கு எது? டியாரெல்லா, ஹியூகெரா, எபிமீடியம், ஹோஸ்டா ஓர் ஒப்பீடு

நாற்றுப்பண்ணையில் இந்த நான்கு செடிகளின் அட்டையிலும் ஒரே சொல்தான் இருக்கும்: நிழல். அதை நம்பி வளர்ந்த மேப்பிள் மரத்தடியில் நான்கையும் வரிசையாக நட்டால், இரண்டாவது கோடை முடியும்போது பெரும்பாலும் எபிமீடியம் மட்டுமே தெம்பாக நிற்கும். மற்றவை வெளிச்சம் போதாமல் சாவதில்லை, தாகத்தால் சாகின்றன. அதனால் இங்கே நிழலின் அடர்த்தியைப் பின்னுக்குத் தள்ளி, கோடையில் மண்ணில் எவ்வளவு ஈரம் நிற்கிறது என்பதையே முதல் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம்.

இவை எல்லாமே குளிர்காலத்தில் ஓய்வெடுக்கும் மிதவெப்பப் பகுதிச் செடிகள். குளிரே இல்லாத வெப்பமண்டலச் சமவெளியில் ஆண்டுக்கணக்கில் தங்காது.

மண்ணைச் சோதிக்கும் விதம்

நல்ல மழை பெய்து ஐந்து நாள் கழித்து, 10 செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் அழுத்துங்கள். பொடியாக உதிர்ந்தால் அது வறண்ட நிழல். உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் உடைந்தால் ஈர நிழல். உருண்டை உடையாமல் பிசுபிசுவென்று ஒட்டினால் களிமண் கூடுதல் என்று பொருள். அங்கே வடிகாலையும் பார்த்துவிட வேண்டும். 30 செ.மீ. அகலமும் அதே ஆழமும் கொண்ட குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். 2.5 செ.மீ.க்கும் குறைவாக இறங்கினால் குளிர்காலத்தில் அங்கே நீர் தேங்கி, டியாரெல்லாவுக்கும் ஹியூகெராவுக்கும் தூர் அழுகும்.

மரம் எது என்பதும் முக்கியம். நார்வே மேப்பிள், வெள்ளி மேப்பிள், பீச், பிர்ச் ஆகியவை மேல்மண்ணிலேயே வேரைப் பாய்போல் பின்னிவிடும். சிறுதூறலில் பாதி இலைக்கூரையிலேயே தங்கிவிடும்; மிச்சத்தை இந்த வேர்ப்பாய் குடித்துவிடும். ஓக் மரத்தடி அந்த அளவுக்கு நெருக்கடி தராது, அடியில் நடுவதும் எளிது.

டியாரெல்லா: ஈர நிழலில் முதல் தேர்வு

டியாரெல்லாவுக்கு நுரைப்பூ என்ற பெயர் அதன் பூங்கதிரைப் பார்த்து வந்தது. மெல்லிய காம்பில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள், நீண்ட மகரந்தத் தாள்களோடு, தூரத்திலிருந்து பார்த்தால் நுரை பொங்கியது போலவே இருக்கும். பூக்கள் அடியிலிருந்து மேல்நோக்கி விரிவதால் ஒரு கதிர் பல நாள் அழகாக நிற்கும். 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட டியாரெல்லா கார்டிஃபோலியா கிழக்கு வட அமெரிக்கக் காடுகளுக்கு உரியது. ஓடைக்கரையிலும் மலைச்சரிவிலும் இலைமக்கு நிறைந்த மண்ணில் வளர்வது. அந்த இருப்பிடமே அதன் தேவையைச் சொல்லிவிடுகிறது: ஈரம் விடாமல் இருக்க வேண்டும், ஆனால் நீர் நிற்கக் கூடாது. இலைத்திரள் 15 முதல் 20 செ.மீ. உயரம், கதிர் சுமார் 30 செ.மீ. மண் லேசான அமிலத்தன்மையோடு இருப்பது நல்லது. காலையில் இரண்டு மூன்று மணி நேர வெயில் கிடைத்தால் பூ கூடும். அடர்நிழலில் இலை நன்றாக இருக்கும், பூ குறையும்.

டியாரெல்லா வாங்குபவர்கள் அதிகம் தவறுவது ஓடும் வகைக்கும் தூர்கட்டும் வகைக்கும் உள்ள வேறுபாட்டில்தான். ஓடும் வகை கோடையில் மண்மேல் ஓடுதண்டுகளை விட்டு, கணு தொட்ட இடத்தில் வேர்பிடித்து, புதுச் செடியாகும். தூர்கட்டும் வகை, குறிப்பாக வெர்ரியை (wherryi) என்ற பெயருள்ளது, அப்படி ஓடாது. ஒரே குத்தாகப் பெருக்கும், கதிர்களும் நெருக்கமாக வரும். 2021-இல் வெளிவந்த ஒரு வகைப்பாட்டு ஆய்வு, கிழக்கு வட அமெரிக்க டியாரெல்லாவை ஐந்து இனங்களாகப் பிரித்துவிட்டது. ஓடுதண்டு இருப்பதும் இல்லாததும் அதில் ஓர் அடையாளம். ஆனால் விற்பனை அட்டைகளில் பழைய பெயர்தான் பெரும்பாலும் தொடர்கிறது. எனவே பெயரை விட்டுவிட்டுத் தொட்டியைப் பாருங்கள். கோடையின் நடுவில் தொட்டி விளிம்பைத் தாண்டி நூல்போன்ற தண்டுகள் தொங்கினால் அது ஓடும் வகை. கலப்பினங்களில் ரன்னிங் டேபஸ்ட்ரி ஓடும், ஸ்பிரிங் சிம்பனி தூர்கட்டும்.

பரப்பை மூட வேண்டுமானால் ஓடும் வகையை 45 செ.மீ. இடைவெளியில், சதுர மீட்டருக்கு ஐந்து செடி என்ற கணக்கில் நடலாம். ஈரம் இருந்தால் இரண்டு மூன்று பருவத்தில் மூடிக்கொள்ளும். தூர்கட்டும் வகையில் அதே பரப்புக்கு 30 செ.மீ. இடைவெளியில் பதினொரு செடி வேண்டும். செலவு இரட்டிப்பைத் தாண்டும். அதைப் பாதையோரத்துக்கும் பெரணிகளின் காலடிக்கும் வைத்துக்கொள்வதே சரி. ஓடும் வகை அண்டைச் செடிகளை அமுக்கிவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. ஓடுதண்டு மண்ணுக்கு மேலேயே கிடக்கிறது, கையால் இழுத்தாலே வந்துவிடும். வின்கா, ஐவி, மஞ்சள் லேமியம் போன்ற தரையில் படரும் செடிகள் அப்படியல்ல. அவை வேகமாக மூடும் என்பது உண்மைதான், ஆனால் தோட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் காட்டுக்குள்ளும் போய்விடும். வட அமெரிக்கத் தோட்டங்களில் அவற்றை நடவே வேண்டாம்.

டியாரெல்லா எங்கே தோற்கிறது? வேர் ஆழமில்லை, இலையும் மெல்லியது. பத்து நாள் வறட்சியிலேயே இலை விளிம்பு சுருண்டு பழுப்பாகும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: இதன் இலை குளிர்காலத்திலும் தரையோடு உயிரோடு இருக்கும். அதன்மேல் மேப்பிள், ஓக் இலைகள் முழுசாக விழுந்து மழையில் படிந்தால், ஈர அட்டை போர்த்தியது போல் மூடித் தூர் அழுகிவிடும். உதிர்ந்த இலைகளை வாரி, புல்வெட்டியால் துண்டாக்கி, 3 செ.மீ.க்கு மிகாமல் செடிகளுக்கு இடையில் மட்டும் தூவுங்கள்.

ஹியூகெராவும் ஹியூகெரெல்லாவும்

இலை நிறத்தில் ஹியூகெராவை மிஞ்ச இந்த நான்கில் ஆளில்லை. கருஞ்சிவப்பு, கேரமல், எலுமிச்சை மஞ்சள், வெள்ளி என்று எத்தனையோ. ஆனால் உண்மையான மரத்தடிச் செடி என்று அதைச் சொல்லத் தயங்குகிறோம். பல இனங்கள் பாறை இடுக்குகளில் வளர்பவை. அவற்றுக்கு டியாரெல்லாவைவிடக் கூடுதல் வெளிச்சமும் விரைவான வடிகாலும் வேண்டும். அடர்நிழலில் மஞ்சள் வகை வெறும் பச்சையாகிவிடும், பிற்பகல் வெயிலில் அதே வகை கருகும். வெப்பமும் புழுக்கமும் உள்ள கோடையானால் ஹியூகெரா வில்லோசாவின் வழிவந்த வகைகளையே கேட்டு வாங்குங்கள். பெரிய, ரோமம் படர்ந்த இலையுள்ள அவை தாக்குப்பிடிக்கும். மற்றவை முதல் ஆண்டு பளபளத்து, மூன்றாம் ஆண்டு காணாமல் போவது வழக்கம்.

அந்த மூன்றாம் ஆண்டுச் சரிவுக்குக் காரணம் பெரும்பாலும் நோயல்ல. ஹியூகெராவின் தண்டு ஆண்டுதோறும் மேல்நோக்கி நீண்டு, கட்டைபோலாகி, மண்ணைவிட்டு எழும்பிவிடும். குளிரில் மண் உறைந்து இளகும்போது இன்னும் மேலே தள்ளப்படும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வசந்தத்தின் தொடக்கத்தில் தோண்டியெடுத்து, பழங்கட்டையை வெட்டிவிட்டு, இலைக்கொத்து மண்மட்டத்தில் அமரும்படி ஆழ நட்டால் மறுபடி இளமையாகும். டியாரெல்லாவுக்கு இந்த வேலை இல்லை. அதை ஆழமாக நட்டால் அழுகவே செய்யும்.

இரண்டையும் கலந்து பிறந்தது ஹியூகெரெல்லா. 1912-இல் பிரான்சின் நான்சி நகரில் லெமுவான் நாற்றுப்பண்ணையில் முதல் கலப்பு உருவானது. விதை கட்டாத மலட்டுச் செடி, எனவே தூர் பிரித்தோ திசு வளர்ப்பிலோதான் பெருக்க முடியும். இலைநிறம் ஹியூகெராவிடமிருந்து, இலையின் நடுவரிக் கோலமும் நிழல் தாங்கும் குணமும் டியாரெல்லாவிடமிருந்து. நிழலில் நிறம் வேண்டும், மண்ணும் ஈரம் என்றால் ஹியூகெராவைவிட ஹியூகெரெல்லாவுக்கே எங்கள் வாக்கு.

எபிமீடியம்: வேர் நிறைந்த வறண்ட இடத்துக்கு

வறண்ட நிழலில் இதற்கு ஈடு மிகக் குறைவு. ஆனால் எல்லா எபிமீடியமும் அப்படியல்ல. மத்தியதரைக்கடல் பக்கத்து இனங்களின் வழிவந்த வெர்சிகலர் சல்ஃபியூரியம், பெரால்கிகம் ஃபிரோன்லைடன் போன்ற பசுமைமாறா வகைகளே வறட்சி தாங்கும். கிழக்காசியாவின் கிராண்டிஃப்ளோரம் அழகில் உயர்ந்தது. ஆனால் அமில மண்ணும் ஈரமும் கேட்கும், குளிரில் இலை உதிர்க்கும். டியாரெல்லா வாழும் இடத்தில்தான் அதுவும் வாழும்.

இதன் குறை வேகம். 30 முதல் 35 செ.மீ. இடைவெளியில் நட்டு, மூன்று நான்கு ஆண்டு பொறுக்க வேண்டும். நட்ட முதல் இரண்டு கோடை நீரும் ஊற்றியே ஆக வேண்டும். வறட்சி தாங்கும் என்ற பெயர் வேர் ஊன்றிய பிறகுதான் பொருந்தும். குளிர்காலக் கடைசியில் பழைய இலைகளை எல்லாம் தரையோடு வெட்டுங்கள். பூக்காம்பு மண்ணிலிருந்து வளைந்து எட்டிப்பார்க்கும் முன்பே செய்துவிட வேண்டும். பிந்தினால் இலையோடு பூவும் போகும். வெட்டாமல் விட்டாலும் செடி சாகாது, ஆனால் பூ முழுக்கப் பழைய இலைக்குள் மறைந்துவிடும். மான் தொல்லை உள்ள இடத்துக்கும் இதுவே நிம்மதி. டியாரெல்லாவை மான் எப்போதாவது கடிக்கும், ஹோஸ்டாவைத் தேடி வந்து மேயும்.

ஹோஸ்டா

பெரிய இலை, பெரிய இடம். 60 முதல் 90 செ.மீ. இடைவெளி கொடுங்கள். வசந்தத்தில் தாமதமாக முளைப்பதால், அதற்கு முன் பூத்து மறையும் கிழங்குப் பூக்களை அதன் காலடியில் வைக்கலாம். நத்தைகளே பெரிய எதிரி. தடித்த, நீலம் பூத்த இலையுள்ள வகைகளில் சேதம் குறைவு. ஹோஸ்டா எக்ஸ் வைரசையும் நினைவில் வையுங்கள். நரம்பை ஒட்டி மை கசிந்தது போன்ற கறையும் இலையில் மேடுபள்ளமும் தெரிந்தால் அந்தச் செடியை வேரோடு எடுத்து எறிய வேண்டும், மருந்து இல்லை. வெட்டிய கத்தியின் சாறு வழியே பரவுவதால் ஒவ்வொரு செடிக்கும் இடையில் கத்தியைக் கழுவித் துடைப்பது அவசியம்.

இந்த நான்கோடு துணைக்கும் சில உண்டு: நீலப்பூவுக்குப் புரூனெரா, பருவத் தொடக்கத்தில் தேனீக்களுக்குப் பல்மொனேரியா. இரண்டும் ஈர நிழல்தான் கேட்கும். பல்மொனேரியாவில் பூ முடிந்ததும் சாம்பல் நோய் பிடித்த இலைகளை அடியோடு வெட்டினால் புது இலை வந்துவிடும். வறண்ட பக்கத்துக்கு எபிமீடியத்தோடு கிறிஸ்துமஸ் பெரணியைச் சேருங்கள்.

வேர்களுக்கு நடுவே நடுவது

பெரிய தொட்டிச் செடி வாங்காதீர்கள். 9 செ.மீ. தொட்டி அல்லது குழித்தட்டு நாற்றுகளே வேர்களுக்கு இடையில் நுழையும். கைக்கரண்டியால் தோண்டுங்கள், விரல் தடிமனுக்கு மேற்பட்ட வேர் தட்டினால் அதை வெட்டாமல் குழியை நகர்த்துங்கள். தோட்ட மண் என்று பத்துப் பதினைந்து செ.மீ. கொண்டுவந்து கொட்டுவது மரத்துக்கே ஆபத்து, வேர் மூச்சுவிட முடியாது. இலைமக்கு 5 செ.மீ. வரை பரப்பலாம், அடிமரத்தைத் தொடாமல்.

நடும் முன் தொட்டியை அரைமணி நேரம் நீரில் அமிழ்த்துங்கள். பீட் கலந்த தொட்டிக் கலவை ஒருமுறை காய்ந்தால் மேலே ஊற்றும் நீரை உள்ளே விடாது. சுற்றிலும் மண் ஈரமாக இருக்க, செடி மட்டும் வாடிச் சாவதற்கு இதுவே பொதுவான காரணம். வெளிக்கலவையைக் கொஞ்சம் உதறி, வேர் மண்ணைத் தொடும்படி நடுங்கள். மழையில்லாத வாரத்தில் சதுர மீட்டருக்கு 25 லிட்டர் நீர், ஒரே தடவையாக. இலையுதிர் காலத்தில் நடுவதானால் மண் உறைவதற்கு ஆறு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

டியாரெல்லாவோ ஹியூகெராவோ திடீரென்று வாடி, லேசாக இழுத்தாலே வேரில்லாமல் கையோடு வந்தால், மண்ணைக் கிளறிப் பாருங்கள். பழுப்புத் தலையும் காலில்லாத வெள்ளை உடலுமாக வளைந்து கிடக்கும் புழுக்கள் கூன்வண்டின் குஞ்சுகள். வளர்ந்த வண்டு இரவில் இலை விளிம்பைக் கொறித்துக் குறி விட்டிருக்கும். கோடைக் கடைசியில், மண் ஈரமாக இருக்கும்போது, இந்தக் குஞ்சுகளுக்குள் புகுந்து கொல்லும் நுண்ணிய நூற்புழுக்களை நீரில் கலந்து ஊற்றுவதே பயன் தரும். ஹெட்டரோராப்டைடிஸ் வகைக்கு மண் 12 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். ஸ்டெய்னர்நீமா கிராஸ்ஸை (kraussei) என்ற வகை 5 டிகிரியிலும் வேலை செய்யும். வேரிழந்த தூரை எறிய வேண்டாம். கழுவி, மணல் கலந்த கலவையில் நிழலில் வைத்தால் பெரும்பாலும் மறுவேர் விடும்.

ஒரே மரத்தடியில் இரண்டு வகை நிலமும் இருப்பது உண்டு. அடிமரத்தை ஒட்டிய வறண்ட வட்டத்தில் எபிமீடியம், கிளைநுனிகளில் இருந்து நீர் சொட்டும் வெளிவட்டத்தில் ஓடும் டியாரெல்லா, அதற்கும் வெளியே காலை வெயில் படும் ஓரத்தில் ஹியூகெரெல்லா என்று நடுங்கள். டியாரெல்லா உள்பக்கம் ஓடி வந்தாலும் ஈரம் தீரும் கோட்டில் தானே நின்றுவிடும். அந்தக் கோட்டைத் தாண்டி எபிமீடியத்தை இன்னொரு வரிசை நீட்டினால் போதும்.