டெக்சாஸுக்குள்ள ஒரு ரவுண்டா, கன்சாஸ் வரைக்குமா? பிரசிடென்ட் மியூசியம் ட்ரிப்புக்கு எந்த ரூட்?

டல்லாஸ் பக்கம் இருந்துட்டு லீவுல குடும்பத்தோட கார்ல பிரசிடென்ட் மியூசியம் பாக்கக் கிளம்புறவங்களுக்கு ரெண்டு ரூட் இருக்கு, ரெண்டுக்குமே ஐ-35 தான் ரோடு. தெக்கே போனா ஆஸ்டின்ல ஜான்சன், அங்கிருந்து காலேஜ் ஸ்டேஷன்ல அப்பா புஷ், திரும்பி வந்தா டல்லாஸ்லயே மகன் புஷ். வடக்கே போனா கன்சாஸ்ல ஐசனோவர், மிசோரில ட்ரூமன்.

ட்ரைவிங்னு பாத்தா போட்டியே இல்ல. டெக்சாஸ் ரவுண்டு மொத்தமே 500 மைல் சுமாருக்குள்ள முடிஞ்சிடும், ஆஸ்டின் மூணு மணி நேரம் (டிராஃபிக்ல மாட்டினா நாலு), ஆஸ்டின்ல இருந்து காலேஜ் ஸ்டேஷன் ரெண்டு, அங்கிருந்து வீடு மூணு. வழியில வெஸ்ட்னு ஒரு சின்ன ஊர், செக் நாட்டுல இருந்து வந்து குடியேறுனவங்க ஊரு, கொலாச்சி பன் வாங்காம யாரும் தாண்டமாட்டாங்க, சைவம்னா பழம் வெச்சது, சீஸ் வெச்சது மட்டும் கேட்டு வாங்கணும். ஊர்ல இருந்து வந்திருக்கிற மாமனார் மாமியாரைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா பக்கீஸ்ங்கிற பெரிய பெட்ரோல் பங்க் கடையோட பாத்ரூம் ஒண்ணுக்காகவே இந்த ரூட்டுக்கு ஓட்டு போடலாம். வடக்கு ரூட்டுல ட்ரூமன் மியூசியத்துக்குப் பக்கத்துல இருக்குற கன்சாஸ் சிட்டிக்கே ஒரு வழி 550 மைல், ஓக்லஹோமா தாண்டுனதும் பாக்க ஒண்ணும் கிடையாது, புல்லும் வானமும் தான்.

சரி, மியூசியத்துக்கு வருவோம். ஒரு விஷயம் தெரிஞ்சிட்டுப் போங்க, இதெல்லாம் பெரும்பாலும் அந்தந்த பிரசிடென்ட் ஆளுங்க நன்கொடை திரட்டிக் கட்டி, நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ங்கிற அரசு ஆவணக் காப்பகத்து கையில கொடுக்கிற இடம். அதனால கல்யாண ஆல்பம் மாதிரி எல்லாப் படத்துலயும் மாப்பிள்ளை சிரிச்சிட்டே தான் இருப்பாரு. சறுக்குன இடத்தை எப்படிக் காட்டுறாங்கன்றதை வெச்சுத்தான் நான் மார்க் போடுவேன்.

அந்தக் கணக்குல டெக்சாஸ்ல ஜான்சன் தான் முதல். 1971ல திறந்த பத்து மாடிக் கட்டடம், ஜன்னலே இல்லாத மாதிரி பெரிய கல்லுப்பெட்டியா நிக்கும். உள்ள கிரேட் ஹால்ல நின்னு அண்ணாந்து பாத்தா கண்ணாடிக்குப் பின்னாடி மாடி மாடியா சிவப்புப் பெட்டிங்க, அதுல தங்க நிற முத்திரை, உள்ள இருக்கிறது ஒரிஜினல் ஃபைலுங்க, 4.5 கோடிப் பக்கம்னு சொல்றாங்க. கீழ போன் ரிசீவரை எடுத்து காதுல வெச்சா மனுஷன் ஆபீஸ்ல இருந்து பேசுனது அப்படியே கேக்குது, கெஞ்சுறாரு, மிரட்டுறாரு, வியட்நாம் விஷயத்துல தடுமாறுறாரு. பசங்க அந்த ரிசீவரை விட்டு நகரமாட்டாங்க. நம்மாளுங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 1965 அக்டோபர் 3ம் தேதி லிபர்ட்டி சிலை அடிவாரத்துல ஜான்சன் போட்ட இமிக்ரேஷன் சட்டக் கையெழுத்து, அதுக்கு முன்னாடி இந்தியாவுக்கு இருந்த கோட்டா வருஷத்துக்கு 100 பேர். நாம டல்லாஸ் பக்கத்துல பிளேனோலயும் ஃபிரிஸ்கோலயும் உக்காந்து தோசை சுடுறதுக்கு பிள்ளையார் சுழி அதுதான். அதே ஆளு தான் அதே சமயத்துல இந்தியாவுக்குக் கோதுமைக் கப்பலை இழுத்துப் பிடிச்சு விட்டவரும், அப்போ உணவு அமைச்சரா இருந்த நம்ம சி.சுப்ரமணியம் ரோம்ல போய் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. ரேஷன் கடையில பி.எல்.480ங்கிற அமெரிக்க உதவித் திட்டக் கோதுமைக்கு நின்ன தலைமுறை கூட வந்தா கார்ல கதைக்குப் பஞ்சமிருக்காது.

அப்பா புஷ் மியூசியம் சுமார் ரகம்னு சொன்னா சண்டைக்கு வருவாங்க, ஆனா அப்படித்தான். வெளிய பெர்லின் சுவர் இடிபாட்டு மேல குதிரைங்க தாவுற சிலை, உள்ள அவர் ரெண்டாம் உலகப்போர்ல ஓட்டுன அவெஞ்சர் ரக விமானம், 1944ல அவரைச் சுட்டு வீழ்த்துன கதை, பின்பக்கம் குடும்பக் கல்லறை. ஓவல் ஆபீஸ், அதாவது வெள்ளை மாளிகையில பிரசிடென்ட் ரூம், அந்த மாடல்ல சேர்ல உக்காந்து போட்டோ எடுக்கலாம், சின்னப் பசங்களுக்கு அது போதும். மகன் புஷ்லயும் அதே வசதி உண்டு, ஜான்சன்ல எட்டுல ஏழு பங்கு சைஸ்ல இருக்குற ஓவல் ஆபீஸை எட்டி நின்னு பாக்க மட்டும் தான்.

மகன் புஷ் மியூசியம் 2013ல திறந்தது. ட்வின் டவர்ல இருந்து எடுத்த வளைஞ்ச இரும்பு உத்தரத்தைத் தொட்டுப் பாக்க வெச்சிருக்காங்க, அது முன்னாடி பசங்ககூட அமைதியாயிடுறாங்க. ஆனா டிசிஷன் பாயின்ட்ஸ்னு ஒரு விளையாட்டு இருக்கு, ஈராக் மாதிரி விஷயத்துல நாம பட்டன் அழுத்தி முடிவெடுக்கணும், கடைசில நாம எப்படி அழுத்துனாலும் புஷ் ஸ்க்ரீன்ல வந்து தன் முடிவு ஏன் சரின்னு விளக்குவாரு. நல்லா செஞ்சிருக்காங்க, வக்கீல் வேலை.

வடக்கு ரூட்டுக்கு ஆள் கம்மியா போறாங்க, அங்க தான் ட்ரூமன் இருக்காரு. 2021ல புதுப்பிச்சுத் திறந்தாங்க. ஜப்பான் மேல அணுகுண்டு போட்டது இவர் காலத்துல தான், அந்த நாகசாகி குண்டு முன்னாடியே வெடிக்காம இருக்கச் சொருகுன சேஃப்டி பிளக் இங்க இருக்கு, கைக்குள்ள அடங்குற சைஸ் தான். அந்தப் பகுதியிலயே ஹிரோஷிமா குண்டோட கதிர்வீச்சால பின்னாடி செத்துப்போன சிறுமி சடாகோ மடிச்ச காகிதக் கொக்கு, அவ குடும்பமே கொடுத்தது, விரல் நகம் மாதிரி குட்டியா இருக்கு. ரெண்டையும் பாத்துட்டு எட்டாம் கிளாஸ் பையன் கேக்குற கேள்விக்கு உங்ககிட்ட பதில் இருக்காது. ஜான்சனும் இங்க வருவாரு, மெடிகேர்ங்கிற முதியோர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துல 1965 ஜூலை 30ம் தேதி கையெழுத்து போட்டதே இந்தக் கட்டடத்துல வெச்சு, ட்ரூமன் பக்கத்துல உக்காந்திருக்க.

ஐசனோவர் இடம் அபிலீன். டெக்சாஸ்லயும் ஒரு அபிலீன் இருக்கு, ஜிபிஎஸ்ல மாநிலம் பாத்துப் போடுங்க. அவர் வளர்ந்த குட்டி வீடு, மியூசியம், கல்லறை எல்லாம் ஒரே வளாகம். அதைவிட 1956ல அவர் கையெழுத்து போட்ட ஹைவே சட்டத்தால வந்த ரோட்டுல ஓட்டிட்டுப் போறது தான் எனக்குப் பிடிச்சது. விச்சிட்டால இருந்து சலைனா வழியா அபிலீனை முதல்ல முடிச்சிட்டு ஐ-70ல கிழக்கே ட்ரூமனுக்குப் போங்க, திரும்பும்போது விச்சிட்டா வரைக்கும் போன ரோட்டுலயே வர வேண்டியதில்ல.

பசங்க பத்து வயசுக்குக் கீழ, இல்ல பெரியவங்க கூட இருந்தா டெக்சாஸ். ஹைஸ்கூல் பக்கம் வந்துட்டா கண்ணை மூடிட்டு வடக்கு. ஒண்ணே ஒண்ணுக்குத்தான் நேரம்னா ஆஸ்டின். மகன் புஷ்ஷை ட்ரிப் கணக்குல சேர்க்கவே சேர்க்காதீங்க, உள்ளூர் தானே, மழை பெய்யுற ஒரு சனிக்கிழமை போய்க்கலாம். கிளம்புறதுக்கு முன்னாடி நியூஸும் பாருங்க, 2013ல பட்ஜெட் நிறைவேறாம அரசாங்க ஆபீஸெல்லாம் மூடுன ஷட்டவுன்ல இந்த அரசாங்க மியூசியமெல்லாம் பூட்டிட்டாங்க, அதனால ஹோட்டலை கேன்சல் பண்ற மாதிரியே புக் பண்ணுங்க.